இடுப்புக்குத் தோதான படுக்கை

சித்த நகந்து உக்காருங்க தம்பி. இல்லீங்க, பையை எடுக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். அந்தச் சுருட்டிக் கட்டியிருக்கறது மட்டும் என்ற முட்டியில இடிக்குது, அவ்வளவுதான். படுக்கைங்களா அது? மலையில கூடாரத்துக்குள்ள விரிக்கறதுதானுங்களே. தெரியும் தெரியும். கைய வெச்சுப் பாக்கட்டுங்களா? ம். காத்து அடைக்கறது இல்ல, நுரை. தண்ணி உறிஞ்சாது, எடை இல்ல, முள்ளு மேல போட்டாலும் ஓட்டை விழாது. ஆனா தடிமன் பத்தாதுங்க. நீங்க மல்லாக்கப் படுக்கறவரா, ஒருக்களிச்சுப் படுக்கறவரா?

சிரிக்காதீங்க. எல்லாரும் இந்தக் கேள்விக்குச் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சவன்தான்.

எந்தக் கடையில வாங்கினீங்க? ஆன்லைன்லயா. அப்பச் சரி. நம்ம கோயமுத்தூர்லயே மலையேறறவங்களுக்குன்னு ஒரு கடை இருக்குது. கடைப் பேரு வேண்டாம், நவநீதன்னு ஒருத்தன் நடத்தறான். அங்க மட்டும் போயிராதீங்க. என்ற சம்சாரத்தோட இடுப்பைக் கெடுத்ததே அந்தக் கடைப் படுக்கைதான். இதை நான் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லீட்டுத்தான் இருக்கறேன். என்ற மகளுக்கு இது பிடிக்கறதில்ல. பிடிக்காட்டிப் போகட்டும். நாலு பேரு தப்பிச்சாப் போதும்.

நீங்க மேட்டுப்பாளையமா? நான் பெரியநாயக்கன்பாளையத்துல எறங்கிருவேன். இந்த ரோட்டுல வண்டி நகர்ற லட்சணத்துக்கு நேரம் நெறையக் கெடக்குது. கேளுங்க.

நான் பம்ப்செட் கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன். நாச்சிமுத்துன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். வார்ப்படம் வரும் பாருங்க, அதைச் சின்னச் சுத்தியால ஒரு தட்டுத் தட்டினாப் போதும், உள்ள விரிசல் இருக்குதா இல்லையான்னு சத்தமே சொல்லிரும். என்ற கைக்குத் தப்பி ஒரு கோளாறு பீஸ் வெளிய போனதில்லீங்க. நான் பாஸ் பண்ணீட்டேன்னா மேனேஜரே மறுபடி பாக்க மாட்டாரு. பெருமைக்குச் சொல்லல. எதையும் அவசரப்பட்டு வாங்கற ஆள் நான் இல்லைங்கறதுக்குச் சொல்றேன்.

என்ற சம்சாரம் சுலோச்சனா. அதிகம் வாய் தொறக்காத மனுசிங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து, எனக்கு அது வேணும் இது வேணும்னு கேட்டவ கிடையாது. சேலை எடுத்தாலும் நான் எடுத்தது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாலும் நான் சொன்ன நிறம். நல்லா இருக்குதா சுலோன்னா, நல்லா இருக்குதுங்கம்பா. அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள. அவளுக்கு என்ன பிடிக்கும்னு அவளை விட எனக்குத்தான் நல்லாத் தெரியும்.

அவ காலனிப் பொம்பளைங்களோட வெடியால நடக்கப் போவா. அதுல ஹெலன் டீச்சர்னு ஒரு அம்மா, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சவங்க எஸ்டேட்டு கோத்தகிரிக்கு மேல இருக்குது. எஸ்டேட்டுக்குப் பின்னால மேட்டுல ஒரு புல்வெளி. தை மாசம், உறைபனி விழுகற காலத்துல பொம்பளைங்களா நடந்து ஏறி, கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கறதுன்னு பேசியிருக்காங்க. வெடியறப்பப் புல்லு மேல உப்பைக் கொட்டி வெச்ச மாதிரி வெள்ளையாக் கெடக்குமாம், வெயில் பட்டதும் போயிருமாம். சுலோ ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுட்டே சொன்னா, "ஏனுங் மாமா, எனக்கு அந்தப் பனிய ஒருக்காப் பாக்கோணும்."

அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதானுங்க.

மத்த வீட்டு ஆம்பளைங்கெல்லாம் இந்த வயசுல மலை என்ன வேண்டிக் கெடக்குதுன்னாங்க. நான் அப்படிச் சொல்லல. போய்ட்டு வான்னேன். ஆனாச் சும்மா அனுப்பிருவனா? அங்க தங்கறவங்க அவங்கவங்க படுக்கைய அவங்கவங்களே கொண்டு வரோணும்னு ஏற்பாடு. டீச்சரம்மா பழைய ஜமக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போட்டுக்குவேன்னு சொல்லுச்சாம். சுலோவும் நம்ம வீட்டுப் பவானி ஜமக்காளம் போதுமேன்னா. நான் விடல. படுக்கைய என்கிட்ட விட்டுருன்னு சொல்லீட்டேன்.

ஆடி கடைசியில ரெண்டு பேருமா அந்தக் கடைக்குப் போனோம். நவநீதன் மரியாதையாத்தான் பேசினான். தாடி வெச்சுட்டு, இமயமலைப் பக்கமெல்லாம் போய் வந்தவன்னு பேரு. மூணு தினுசு எடுத்துப் போட்டான். ஒண்ணு நீங்க வெச்சிருக்கற நுரைச் சுருட்டு. ஒண்ணு உள்ள நுரை வெச்சு, மூடியத் திருகினாத் தானாக் காத்து இழுத்துக்கறது. இன்னொண்ணு முழுக்கக் காத்து. மடிச்சாச் சொம்பளவு, ஊதினா நல்ல தடிமன், ஆனாப் புரண்டு படுத்தா சிப்ஸ் பாக்கெட்டாட்டம் மொறமொறங்கும். அப்பறம் ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் சொன்னான். தரைக் குளிரு உடம்புல ஏறாம எவ்வளவு தடுக்குதுங்கற கணக்கு அது. நாம குளிரு மேல இருந்து வருதுன்னு நெனச்சுக் கம்பளி கம்பளியாப் போத்தறோம். அடியில சரியில்லைன்னா எத்தனை போத்தினாலும் தரை நம்ம சூட்டைக் குடிச்சுரும். எனக்கு அந்த நம்பர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அளந்து பாக்கற மாதிரி ஒரு பண்டம்னா எனக்கு ஒரு தெம்புங்க.

அப்பத்தான் அவன் கேட்டான், மேடம் எப்படிப் படுப்பாங்கன்னு. நான் சிரிச்சேன். மல்லாக்கத்தானப்பா, படுத்தா கட்டையாட்டம் தூங்குவான்னேன். அவன் என்னைப் பாக்கல, அவளைப் பாத்தான். அவ கொஞ்சம் தயங்கி, ஒருக்களிச்சுத்தானுங்கன்னா. எடது பக்கம் மட்டுந்தான்னா.

எனக்கு ஆச்சரியமாப் போச்சு. நெசத்தைச் சொல்லோணும்னா, அவ படுத்துத் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. நான் படுத்ததுக்கு அப்பறம் படுப்பா, நான் எந்திரிக்கறதுக்கு முன்னால எந்திரிச்சிருவா. நம்ம பக்கம் பொம்பளைங்க அப்படித்தானுங்களே. எடது பக்கம் மட்டும் எதுக்குன்னு கேட்டேன். "வலது பக்கம் இப்பக் கொஞ்ச நாளா ஒத்துக்கறதில்லைங் மாமா. இடுப்பெலும்புல குத்துது"ன்னா.

சட்டுனு நான் நவநீதன் பக்கம் திரும்பினேன். அப்ப இடுப்புக்குத் தோதாத் தடிமனா வேணும், எடது பக்கம் படுக்கறவங்களுக்கு எது சரியா வரும்னு கேட்டேன். பாத்தீங்களா, ஒரு நிமிசத்துல விசயத்தைப் பிடிச்சுட்டேன். இத்தனை வருச அனுபவம் சும்மா இல்லீங்க.

முதல்ல நுரைச் சுருட்டு வாங்கிட்டுப் போனோம். வீட்டுக் கூடத்துல மொசைக் தரை. அதுல விரிச்சு, முதல்ல நான் படுத்துப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. நான் வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறறவன், பாறை மேல துண்டை விரிச்சாலும் தூங்கிருவேன். அப்பறம் அவளைப் படுக்கச் சொன்னேன். மேசைக் காலைப் பிடிச்சுட்டு மெதுவாக் கீழ உக்காந்து படுத்தா. குத்துதா? கொஞ்சம் குத்துதுங்க. சரி, ரிஜெக்ட். அடுத்த ஞாயித்துக்கிழமை போயி மாத்திட்டு வந்தேன். தானாக் காத்து இழுக்கறது. படு சுலோ. குத்துதா? கொஞ்சம். ரிஜெக்ட். அதுலயே அகலமா ஒண்ணு. ரிஜெக்ட். புரட்டாசி வந்துருச்சு, ஐப்பசி வந்துருச்சு. ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுல இதே வேலை. பக்கத்து வீட்டுக்காரரு ஜன்னல்ல நின்னு, என்ன நாச்சிமுத்து, புருசன் பொண்டாட்டி தரையில நீச்சல் பழகறீங்களான்னு கேப்பாரு. அவளும் சிரிப்பா. எந்திரிக்கறப்ப என்ற தோளைப் பிடிச்சுட்டு எந்திரிப்பா.

இப்ப நெனச்சா அதுதானுங்க எங்களுக்கு நல்ல காலம். அதுக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு காரியம்னு செஞ்சதே இல்ல. அவ தோளைப் பிடிச்ச எடம் இன்னும் எனக்குத் தெரியுது. அவ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கப் பிடிக்கலீங்க. அதனாலதான் வேலை இல்லாட்டியும் பஸ் ஏறி டவுனுக்கு வந்துட்டு வந்துட்டுப் போறேன்.

ஐப்பசியில அவ நடை கொஞ்சம் சாஞ்சுச்சு. காலை இழுத்து வெச்சா. மலையேறறதுக்குப் பழகோணும்னு மாடிப்படி ஏறி ஏறி எறங்கினதுல வந்த பிடிப்புன்னு நான் சொன்னேன். தைலம் வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள் துணி மடிச்சுட்டே கேட்டா, "மாமா, ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டீட்டு வந்தரலாமுங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? டாக்டர்கிட்டப் போனா மொத வார்த்தையே மலைக்குப் போகாதீங்கம்பான். இத்தனை ஆசைப்பட்டுட்டு இருக்கறே, ஒரு படுக்கைக்காக அதைக் கெடுத்துக்குவாங்களா, சரியான படுக்கை அமைஞ்சா எல்லாம் சரியாப் போயிரும், நான் இருக்கறேன் விடுன்னேன். அவ மடிச்ச துணிய அடுக்கினா. சரிங்க மாமான்னா. எந்தப் புருசன் தம்பி பொண்டாட்டி ஆசைக்கு இத்தனை மெனக்கெடுவான்? சொல்லுங்க. நீங்க எதுக்கு அந்தப் பக்கம் பாக்கறீங்க? வெயிலடிக்குதா? ஜன்னலைச் சாத்திக்கங்க.

கார்த்திகையில நவநீதனுக்கும் எனக்கும் வாக்குவாதம் ஆயிருச்சு. நான் இன்னொரு படுக்கையத் திருப்பிக் குடுக்கப் போயிருந்தேன். வாங்கி வெச்சுட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உக்கார வெச்சான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் எந்தப் படுக்கை குடுத்தாலும் அவங்களுக்கு வலிக்கும். ஒரு எலும்பு டாக்டரப் பாருங்க, அப்பறம் நான் படுக்கை தர்றேன்"னான். எனக்குச் சுருக்குனு கோபம் வந்துருச்சு. பண்டத்தைச் சரியா விக்கத் தெரியாதவன் வைத்தியம் பேச வந்துட்டான். உன்ற சரக்கு சரியில்லைன்னா சரியில்லைன்னு ஒத்துக்கப்பா, என்ற சம்சாரத்துக்குச் சீக்குன்னு எதுக்குச் சொல்ற நீன்னு கேட்டேன். கடையில நின்னவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவன் தலையக் குனிஞ்சுட்டான்.

அதுக்கப்பறம் கடையில இருக்கறதுலயே ஒசந்ததைக் கேட்டு எடுத்தேன். காத்துப் படுக்கைதான், ஆனா உள்ள தடுப்புத் தடுப்பா இருக்கும், குளிரு ஏறாது, மொறமொறப்பும் கம்மி. அவன் ஒண்ணு சொன்னான், அதையும் சொல்லிடறேன். ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்குக் காத்தை முழுசா அடைக்க வேண்டாம் சார், கொஞ்சம் தொய்வா விட்டாத்தான் இடுப்பு உள்ள அமுங்கும்னான். எனக்கு அது ஏறல. தொய்வா விட்டாப் படுக்கைக்கு என்னங்க மரியாதை? நான் வீட்டுல கிண்ணுனு ஊதிப் படுத்துப் பாத்தேன், எனக்கு சொர்க்கமா இருந்துச்சு. அவளைப் படுக்கச் சொன்னேன். குத்துதா சுலோன்னேன். அவ என்ற முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. "இல்லீங் மாமா. இது நல்லா இருக்குது"ன்னா.

பாஸ். எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

தை மாசம் கெளம்பினாங்க. ஒரு வேன். நான்தான் படுக்கைய மடிச்சுப் பையில வெச்சேன். எப்படி ஊதறது, மூடிய எப்படித் திருகறது, கூடாரத்துக்கு அடியில கல்லு இல்லாமப் பாக்கறதுன்னு ஹெலன் டீச்சர்கிட்டச் சொல்லி அனுப்பிச்சேன். காத்து கிண்ணுனு இருக்கோணும் டீச்சர், தொய்வா விட்டுராதீங்கன்னேன். சுலோ ஜன்னலோரம் உக்காந்திருந்தா. ஊர்ல இருந்து பொறந்த வீட்டுக்குப் போற புதுப்பொண்ணாட்டம் மூஞ்சி. எனக்குக் கைய ஆட்டினா. முன்னப் பின்ன அவ எனக்குக் கைய ஆட்டினதே இல்ல.

அடுத்த நாளே போன் வந்துருச்சு. எஸ்டேட்டு ஜீப்புல எறக்கிக் கொண்டு வர்றாங்கன்னு. வெடியால எந்திரிக்க முடியலையாம். காலை ஊன முடியல. டீச்சரம்மா அழுதுட்டே சொல்லுச்சு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, படுக்கையில காத்து இருக்குதான்னு. இல்லைன்னுச்சு அந்தம்மா. தட்டையாக் கெடக்குதாம், பூராக் காத்தும் எறங்கி, வெறுந்தரையில படுத்த மாதிரி கெடந்திருக்கா. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. அந்தக் குளிருல, உறைபனித் தரையில, என்ற சுலோ அப்படிக் கெடந்திருக்கா.

வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டில்ல படுக்க வெச்சாங்க. மூஞ்சி வெளுத்துப் போயிக் கெடந்தா, ஆனாக் கண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. என்ற கையப் பிடிச்சுட்டு, மாமா, அந்தப் பனின்னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. அது கெடக்கட்டும் சுலோ, காத்து எந்நேரத்துல எறங்குச்சு, புஸ்ஸுனு எறங்குச்சா, கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சான்னு கேட்டேன். அது தெரிஞ்சாத்தானுங்களே ஓட்டையா, மூடிக் கோளாறான்னு கண்டுபிடிக்க முடியும். அவ கையை எடுத்துக்கிட்டா. தெரியலைங்க மாமான்னுட்டுச் செவுரைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அப்பறம் பனியப் பத்திப் பேசவே இல்ல. நானும் கேக்கல. என்ன இருந்திருக்கப் போகுது, பனி பனியாட்டந்தானே இருக்கும்.

அந்தப் படுக்கைய ஊதித் தண்ணித் தொட்டியில அமுக்கிப் பாத்தேன், சைக்கிள் ட்யூப்புக்குப் பாப்பமே அந்த மாதிரி. ஒரு குமிழி வரல. அப்ப மூடிதான் கோளாறுன்னு முடிவு பண்ணினேன். ஹெலன் டீச்சர் பாக்க வந்தப்ப, தனியாக் கூப்பிட்டுச் சொல்லுச்சு. மூடி கோளாறு இல்லீங்க சார், அவங்கதான் தொறந்து விட்டாங்க, கல்லு மேல படுத்த மாதிரி குத்துதுன்னு அழுதாங்க, காத்தை எறக்கிட்டு மண்ணுல படுத்தப்பறந்தான் கொஞ்சம் கண்ண மூடினாங்க, உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்கன்னுச்சு. வெடிஞ்சதும் கூடாரத்துத் துணிய ஒதுக்கி விடச் சொல்லி, படுத்த வாக்குலயே பனியப் பாத்தாங்கன்னுச்சு. பொய்யின்னு நான் சொல்லல, டீச்சரம்மா நல்ல மனுசி. கூட்டிட்டுப் போனவங்க, தன்ற மேல பழி வந்துரும்னு எதோ சொல்லுவாங்க. சுலோவுக்குக் குத்தியிருந்தா என்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா? என்ற எதுத்தாப்ல படுத்துப் பாத்து, நல்லா இருக்குதுன்னு சொன்னவ தம்பி அவ.

படுக்கையத் தூக்கிட்டு நவநீதன் கடைக்குப் போனேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். அவன் எதுத்து ஒரு வார்த்தை பேசலீங்க. மேடம் இப்ப எப்படி இருக்காங்கன்னு மட்டும் கேட்டான். தப்பு அவன் மேல இல்லைன்னா எதுக்கு அப்படி வாயடைச்சுப் போயி நிக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

அப்பறம் ஆஸ்பத்திரி. படம் எடுத்தாங்க. டாக்டரு சின்ன வயசுக்காரரு. வெளக்குப் பொட்டி மேல படத்தை வெச்சு, இடுப்பெலும்பு பூராச் செல்லரிச்ச மாதிரி இருந்துச்சு, அதைக் காட்டினாரு. இது வேற எங்கயோ உண்டாகி எலும்புக்கு வந்திருக்குது, ஒரு வருசத்துக்கும் மேல ஆகியிருக்கும், வலி எத்தனை நாளா இருந்துச்சுன்னு கேட்டாரு. நான் வெவரமாச் சொன்னேன். தை மாசம் ஒரு நாள் படுக்கையில காத்து எறங்கிருச்சுங்க, உறைபனித் தரையில படுத்துட்டா, அதுல இருந்துதான்னு. அவரு என்னை அப்படியே பாத்தாரு. பேனா மூடிய மூடிட்டு, மகளை வரச் சொல்லுங்கன்னாரு. படிச்சவங்களுக்குச் சொன்னாப் புரியறதில்ல.

மக மைதிலி ஓசூர்ல இருக்கறா. வந்து டாக்டர்கிட்டப் பேசிட்டு வெளிய வந்து, பெஞ்சுல என்ற பக்கத்துல உக்காந்தா. "அப்பா, அம்மா எத்தனை நாளா வலிக்குதுன்னு சொல்லீட்டு இருந்தாங்க?"ன்னு கேட்டா. வலிக்குதுன்னு எங்க அம்மிணி சொன்னா, படுக்கை குத்துதுன்னுதான் சொன்னான்னேன். ஒவ்வொரு படுக்கையா மாத்தினேனே, உங்கம்மாவுக்காக நான் எத்தனை அலைஞ்சேன்னு உனக்குத் தெரியாதுன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைக்கு இருந்து என்கிட்டப் பேச்சு வார்த்தை கொறைஞ்சு போச்சு. அம்மாவுக்குச் சீக்கு வந்தா அப்பன் என்ன பண்ணுவான்? அவளுக்கு ஆத்தாமை, யாரு மேலயாச்சும் காட்டோணும். என்ற மேல காட்டினா. சரின்னு விட்டுட்டேன்.

இனி வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. கட்டிலோட கட்டிலாக் கெடந்தா. முதுகுல புண்ணு வந்துரும், காத்து மெத்தை வாங்கிப் போடுங்கன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. அதைக் கேட்டதும் எனக்கு உசுரு வந்த மாதிரி ஆயிருச்சுங்க. இது நமக்குத் தெரிஞ்ச வேலைதானுங்களே? டவுன்ல மருந்து சாமான் விக்கற கடை ஒண்ணு விடாம ஏறி எறங்கினேன். சின்ன மோட்டார் ஒண்ணு சதா ஓடும், மெத்தைக்குள்ள வரி வரியாக் காத்து ஏறும், எறங்கும். ஒரு வரி ஏறறப்ப அடுத்த வரி எறங்கும். ஒரே எடத்துல அமுக்கம் இருக்காது. மோட்டார் சத்தம் வரப்படாது, ரப்பர் வாசம் வரப்படாது, எல்லாம் பாத்து, இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடுத்தேன். கடைக்காரன் கேட்டதுக்கு எல்லாம் சரியா பதில் சொன்னேன். எடது பக்கமாத்தான் படுப்பாங்கன்னு அவன் கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னேன்.

தெனமும் வெடியாலக் கேப்பேன், இன்னைக்கு எப்படி இருக்குது சுலோன்னு. பரவால்லீங் மாமாம்பா. மூஞ்சிய வெச்சே தெரியும், பரவால்லைன்னு சொல்ற மூஞ்சி இல்ல அது. நானும் காத்தைக் கூட்டி வெப்பேன், கொறைச்சு வெப்பேன். ஆமாங்க, கொறைச்சும் வெச்சேன். தொய்வா விட்டுப் பாத்தேன்.

ஒரு நாள் வெடியாலக் கேட்டதுக்குக் கண்ணைத் தொறந்து நல்லாத் தெளிவாப் பாத்தா. "இன்னைக்கு வலியே இல்லீங் மாமா. ஒண்ணுமே தெரியல"ன்னா. மூஞ்சியும் அப்படியே இருந்துச்சு, சுருக்கமெல்லாம் போயி, வேன்ல உக்காந்திருந்தாளே அந்த மூஞ்சி. எனக்குத் தலைகால் புரியலீங்க. இத்தனை மாசம் அலைஞ்சதுக்குக் கடைசியா ஒண்ணு சரியா அமைஞ்சிருச்சு. நர்ஸம்மாகிட்டச் சொன்னேன், பாத்தியாம்மா, மெத்தைன்னா இதுன்னு. அந்தம்மா அடுப்படிக்குப் போயிருச்சு. ஹெலன் டீச்சருக்குப் போன் பண்ணினேன். நவநீதனுக்கும் பண்ணினேன், படுக்கைன்னா எப்படி இருக்கோணும்னு வந்து பாத்துட்டுப் போப்பான்னு. அவன் சரிங்க சார்னு சொல்லி வெச்சுட்டான். மைதிலிக்குப் பண்ணி, அம்மாவுக்கு வலியே இல்லையாம் அம்மிணின்னேன். அவ போன்லயே அழ ஆரம்பிச்சுட்டா. உடனே கெளம்பி வர்றேன்னா. நல்ல சேதி சொன்னா யாராச்சும் அழுவாங்களா தம்பி? எனக்கு இன்னும் அது வெளங்கல.

எறங்கற எடமா? அது அப்பவே தாண்டிருச்சுங்க. பரவால்ல, காரமடையில எறங்கி எதுத்த பஸ்ஸு ஏறிக்கறேன்.

நான் ஒரு நாற்காலியப் போட்டு அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். தூங்கினா. அவ தூங்கறதை நான் உக்காந்து பாத்தது அன்னைக்குத்தான். மத்தியானம் சோறு கூடத் திங்கல, எந்திரிச்சாச் சத்தத்துல முழிச்சுக்குவாளோன்னு. போர்வை மெதுவா ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. சீரா, ஒரு பிசிறு இல்லாம. எத்தனை நாளைக்கு அப்பறம் இப்படி நிம்மதியா மூச்சு விடறான்னு பாத்துட்டே இருந்தேன்.

சாயங்காலம் மைதிலி வந்தா. செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள வந்தா. சத்தம் போடாத அம்மிணி, அம்மா தூங்கறான்னேன். அவ கிட்டப் போயி அம்மா கன்னத்துல கைய வெச்சா. அப்படியே நின்னா. என்னைத் திரும்பிப் பாத்தா. அப்பறம் குனிஞ்சு, கட்டிலுக்கு அடியில கையை விட்டு, அந்த மோட்டாரை நிறுத்தினா.

போர்வை ஏறறது நின்னு போச்சுங்க.

அதுவரைக்கும் நான் சந்தோசமாத்தான் தம்பி உக்காந்திருந்தேன்.